வெற்றுச் சுட்டியை வேளைக்கே பிடித்தல்: தொகுப்பானில் உறுதிக்கூற்றுகள்

மாணவர்களே, செய்நிரல்களில் ஏற்படும் வழுக்கள் மூவகைப்படும் என்று கற்றிருப்பீர்கள். தொடரியல் வழு, செயற்படு நேர வழு, தர்க்க வழு என்பன அவையாகும். இவற்றுள் தொடரியல் வழுவை நமக்குச் சுட்டிக்காட்டுவது தொகுப்பான். கொம்பைலர் என்று வகுப்பில் சொல்லுகிறோமே, அதுதான். அரைப்புள்ளியை விட்டுவிட்டால் எத்தனையாம் வரியில் விட்டீர்கள் என்று அது உடனே சொல்லிவிடும்.

ஆனால் தொகுப்பானும் மனிதர் எழுதிய ஒரு செய்நிரலே அல்லவா? அதற்குள்ளேயே ஒரு வழு இருந்தால் அதனைச் சுட்டிக்காட்டுவது யார்? இந்த வினாவை மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் என்னுடைய வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் இரண்டு சொற்களை விளங்கிக்கொள்ள வேண்டும்.

சுட்டி என்பது யாது?

இங்கே சுட்டி என்பது மேசையில் நகர்த்தும் மவுஸ் அன்று. நினைவகத்தில் உள்ள ஓர் இடத்தின் முகவரியைத் தன்னுள் வைத்திருக்கும் மாறியே சுட்டி எனப்படும். சாதாரண மாறி ஒன்றில் 25 என்ற பெறுமானம் இருக்கலாம். சுட்டியில் இருப்பது "அந்தப் பெறுமானம் எந்த இடத்தில் இருக்கிறது" என்ற விபரம். வீட்டையே கையில் தராமல் வீட்டிலக்கத்தை எழுதித் தருவது போன்றது.

சுட்டி எந்த இடத்தையும் காட்டவில்லை என்பதைக் குறிக்க ஒரு சிறப்புப் பெறுமானம் உண்டு. பாஸ்கல் மொழியில் அது நில் எனப்படும். சி மொழியில் நல் எனப்படும். நாம் வெற்று என்போம். துண்டில் வீட்டிலக்கம் எழுதப்படவில்லை என்பது இதன் கருத்து. வெற்றுச் சுட்டியை வைத்திருப்பது குற்றமன்று. அதைப் பிடித்துக்கொண்டு வீட்டைத் தேடிப் போவதுதான் குற்றம். அவ்வாறு போனால் இன்றைய கணினிகளில் பெரும்பாலும் பணிசெயல் முறைமை செய்நிரலை இடைநடுவில் நிறுத்திவிடும். ஃபிரீ பாஸ்கலில் 216 என்ற இலக்கத்துடன் செயற்படு நேர வழு தோன்றும்.

"பெரும்பாலும்" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். சி மொழியின் நியமம் வெற்றுச் சுட்டியின் வழியே சென்றால் என்ன நடக்கும் என்று எந்த உறுதியும் தரவில்லை. நிற்கலாம்; நிற்காமல் தவறான விடையுடன் தொடரவும் செய்யலாம்.

தொகுப்பானுக்குள் ஒரு மரம்

மொத்தம் := (விலை + வரி) * அளவு

இந்தக் கூற்றைத் தொகுப்பான் எவ்வாறு விளங்கிக்கொள்கிறது? முதலில் எழுத்துகளைச் சேர்த்துச் சொற்களாகப் பிரிக்கும். அடுத்து அச்சொற்கள் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புபடுகின்றன என்று பகுக்கும். தமிழ்ப் பாடத்தில் ஒரு வாக்கியத்தை எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பிரிப்பீர்களே, அதே வேலைதான். பகுத்ததன் விளைவு ஒரு மரம். மேலே உள்ள கூற்றில் பெருக்கல் ஒரு கணு. அதன் இடக்கிளையில் கூட்டல் கணு, வலக்கிளையில் அளவு. கூட்டல் கணுவின் இரு கிளைகளிலும் விலை, வரி. கிளைகள் யாவும் சுட்டிகள். பெரிய செய்நிரல் ஒன்றைத் தொகுக்கும்போது இவ்வாறான கணுக்கள் இலட்சக்கணக்கில் உருவாகும்.

மரத்தைக் கட்டும் பகுதி வேறு, அந்த மரத்தின் மீது நடந்து இயந்திர மொழிக் குறிமுறையை ஆக்கும் பகுதி வேறு. இரண்டுக்கும் இடையில் இன்னும் பல பகுதிகள் இருக்கலாம். தொல்லை தொடங்குவது இந்த இடைவெளியில்தான். ஒரு பகுதி வெற்றுச் சுட்டியைத் தவறுதலாக மரத்தில் மாட்டிவிடுகிறது. அப்போது எதுவும் நடப்பதில்லை. பல்லாயிரம் படிகள் கழிந்து வேறொரு பகுதி அந்தக் கிளையில் கால் வைக்கும்போதுதான் செய்நிரல் விழுகிறது. விழுந்த இடம் ஒன்று. வழுக்கிய இடம் வேறொன்று.

நான்கு நாள் தேடிய வழு

இனி அந்த மாணவனின் கதைக்கு வருவோம். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலத்தில், பாஸ்கலில் தானே ஒரு சிறு தொகுப்பானை எழுதத் தொடங்கினான். எண்கணிதக் கோவைகளை வாசித்து எளிய கட்டளைகளாக மாற்ற வேண்டும். அவ்வளவுதான். கூட்டலும் பெருக்கலும் நன்றாக வேலை செய்தன. அடைப்புக்குறி போட்டவுடன் 216.

செய்நிரல் நின்ற இடம் கட்டளைகளை ஆக்கும் பகுதி. எனவே அந்தப் பகுதியையே நான்கு நாள் வரிவரியாக வாசித்தான். அங்கே பிழை எதுவும் இருக்கவில்லை. என்னிடமும் கொண்டு வந்தான். நான் கலைப் பட்டதாரி. அளவையியல் படித்துவிட்டு, பின்னர் கணினி கற்றுக்கொண்டு கற்பிக்க வந்தவன். எனக்கும் பிடிபடவில்லை.

நான்காம் நாள் இரவு அவன் ஒரு "தீர்வு" கண்டான். இடக்கிளை வெற்றாக இருந்தால் அதனை விட்டுவிட்டு வலக்கிளைக்கு மட்டும் கட்டளை ஆக்கும்படி ஒரு நிபந்தனையைச் சேர்த்தான். 216 மறைந்துவிட்டது. மகிழ்ச்சியோடு என்னிடம் காட்டினான். விலை 100, வரி 15, அளவு 4 என்று கொடுத்தோம். 460 வர வேண்டும். வந்தது 4.

மாணவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். முன்னர் இருந்தது செயற்படு நேர வழு. அது கத்தியது, நாம் ஓடி வந்தோம். அவன் அதனைத் தர்க்க வழுவாக மாற்றிவிட்டான், இது கத்தாது. பரீட்சித்துப் பார்த்தபடியால் கண்டோம். தொகுப்பானில் இத்தகைய வழு இருந்தால் அதனால் பாதிக்கப்படுவது தொகுப்பானை எழுதியவர் மட்டுமல்லர். அந்தத் தொகுப்பானைக் கொண்டு சம்பளப் பட்டியல் செய்நிரலைத் தொகுக்கும் வேறொருவர், தன்னுடைய குறிமுறையில் ஒரு பிழையும் இல்லாதபோதும் தவறான விடையைப் பெறுவார். தன் குறிமுறையையே திரும்பத் திரும்பச் சந்தேகிப்பார். செய்நிரலாளர் கடைசியாகச் சந்தேகிக்கும் பொருள் தொகுப்பான்தான்.

உண்மையான வழு எங்கே இருந்தது? பகுக்கும் பகுதியில். கோவையைப் பகுக்கும் சார்பின் தொடக்கத்தில் விளைவுக்கு வெற்று என்று இட்டிருந்தான். எண் வந்தால் எண் கணு, மாறி வந்தால் மாறிக் கணு என்று பின்னர் இட்டான். அடைப்புக்குறி வந்தால் உள்ளே இருப்பதைச் சரியாகவே பகுத்தான்; ஆனால் கிடைத்த கணுவை விளைவாக இட மறந்துவிட்டான். ஒரே ஒரு வரி.

உறுதிக்கூற்று

செய்நிரலின் ஒரு குறித்த இடத்தில் ஒரு நிபந்தனை கட்டாயம் உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் கூற்றே உறுதிக்கூற்று ஆகும். நிபந்தனை உண்மையாயின் எதுவும் நடவாது. பொய்யாயின் செய்நிரல் அந்த இடத்திலேயே, வரி இலக்கத்தைச் சொல்லி, நின்றுவிடும். உயர்தரத்தில் அளவையியல் எடுப்பவர்கள் எடுப்பு என்று ஒன்றைப் படிப்பீர்கள்: உண்மை அல்லது பொய் என்று சொல்லத்தக்க வாக்கியம். உறுதிக்கூற்று என்பது செய்நிரலுக்குள் எழுதப்பட்ட ஓர் எடுப்பு. இதைக் கண்டபோதுதான் நான் படித்த பாடம் வீண்போகவில்லை என்று எனக்கு ஓர் ஆறுதல்.

இது புதிய எண்ணமன்று. அலன் டூரிங் 1949 இல் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாடு ஒன்றில், பெரிய செய்நிரல் ஒன்று சரியானதா என்று சோதிப்பது எவ்வாறு என்று விளக்கினார். செய்நிரலாளர் தனித்தனியே சரிபார்க்கத்தக்க உறுதிக்கூற்றுகளை இடையிடையே தர வேண்டும். அவை எல்லாம் சரியாயின் முழுமையும் சரியென்று எளிதில் காட்டலாம் என்பது அவர் கருத்து. பல எண்களைக் கூட்டும்போது நிரலுக்கு நிரல் விடையையும் கொண்டுசெல்லும் எண்ணையும் எழுதி வைத்தால் சரிபார்ப்பது இலகு என்பதையே உதாரணமாகக் காட்டினார். கணித ஆசிரியர் உங்களிடம் படிமுறைகளைக் காட்டு என்று கேட்பதும் இதற்காகவே.

இப்போது இருகிளைக் கணுவை உருவாக்கும் சார்பைப் போலிக்குறிமுறையில் பாருங்கள்.

சார்பு இருகிளைக்கணு (செயற்குறி, இடது, வலது)
    உறுதிசெய் (இடது ≠ வெற்று), "இருகிளைக்கணு: இடக்கிளை இல்லை"
    உறுதிசெய் (வலது ≠ வெற்று), "இருகிளைக்கணு: வலக்கிளை இல்லை"
    புதிய கணுவை ஆக்கி, மூன்றையும் அதில் இட்டு, திருப்பி அனுப்பு
முடிவு

அந்த மாணவனின் செய்நிரலில் இவ்விரு வரிகளையும் சேர்த்தோம். அடைப்புக்குறியுள்ள கோவையைக் கொடுத்ததும் செய்நிரல் பகுக்கும் பகுதியிலேயே நின்றது. இடக்கிளை இல்லை என்ற செய்தி வந்தது. "இடக்கிளையைத் தந்தது யார்?" என்று ஒரு படி பின்னால் பார்த்தான். மறந்த வரி கண்ணில் பட்டது. பத்து நிமிடமும் ஆகவில்லை.

(ஃபிரீ பாஸ்கலில் அசெர்ட் என்ற பெயரில் இது தயாராகவே உண்டு. தொகுக்கும்போது அதற்குரிய தெரிவைக் கொடுக்க வேண்டும். பொய்த்தால் வரும் வழு இலக்கம் 227.)

உறுதிக்கூற்று வழுவைத் திருத்துவதில்லை என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். அது வழு நடந்த இடத்துக்கும் வெளிப்படும் இடத்துக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கிறது. ஆகவே அதனை வைக்க வேண்டிய இடம் சுட்டி பயன்படும் இடம் மட்டுமன்று. சுட்டி மரத்துக்குள் நுழையும் வாசலில் வைப்பதே சிறந்தது.

இன்னொன்று. ஒரு சுட்டிக்குப் பெறுமானமே இடாமல் விட்டால் அதில் பழைய குப்பை எண் ஏதேனும் இருக்கலாம். அது வெற்றுக்குச் சமனன்று. எனவே உறுதிக்கூற்று அதனை உள்ளே விட்டுவிடும். நம்முடைய மாணவன் தொடக்கத்திலேயே வெற்று என்று இட்டிருந்த நல்ல பழக்கம்தான் அவனைக் காப்பாற்றியது.

எல்லா வெற்றும் வழுவல்ல

சிலர் இதைக் கற்றவுடன் காணும் சுட்டிக்கெல்லாம் உறுதிக்கூற்று போடுவர். அது தவறு. தமிழ் இலக்கணத்தில் இருந்து பார்ப்போம். "நேற்று வந்தான்" என்ற வாக்கியத்தில் எழுவாய் இல்லை. பிழையா? இல்லை, அது தோன்றா எழுவாய். "குழந்தை தூங்கியது" என்பதில் செயப்படுபொருள் இல்லை. அதுவும் பிழையன்று, தூங்கு என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. ஆனால் பயனிலையே இல்லாவிட்டால் வாக்கியம் முடிவு பெறாது.

தொகுப்பானின் மரமும் அப்படியே. எனில் என்ற நிபந்தனைக் கூற்றுக்கு நிபந்தனை கட்டாயம் வேண்டும்; இன்றேல் பகுதி இல்லாமலும் இருக்கலாம். ஆகவே முதலாவது கிளைக்கு உறுதிக்கூற்று இட வேண்டும். மூன்றாவது கிளைக்கு இட்டால் சரியான செய்நிரலைத் தொகுக்கும்போதும் தொகுப்பான் நின்றுவிடும். சார்பிலிருந்து திரும்பும் கூற்றில் இது இன்னும் நுணுக்கமானது: பெறுமானம் தரும் சார்பாயின் கோவை இருக்க வேண்டும், தராத நடைமுறையாயின் இருக்கக்கூடாது. உறுதிக்கூற்றை எழுத உட்காரும்போதுதான் "இந்தக் கிளை வெற்றாக இருக்கலாமா?" என்ற வினா எழுகிறது. பல வேளைகளில் எழுதியவருக்கே விடை தெரிந்திராது! என்னைக் கேட்டால் உறுதிக்கூற்றின் பாதிப் பயன் இதுதான். பின்னர் அக்குறிமுறையை வாசிப்பவருக்கு அது எழுதி வைத்த சட்டம் போலவும் ஆகிறது.

பெரிய தொகுப்பான்களில் இந்த வேறுபாட்டைப் பெயரிலேயே வைத்துவிடுகிறார்கள். இலினோய் பல்கலைக்கழகத்தில் 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட எல்எல்விஎம் என்ற தொகுப்பான் கட்டமைப்பில், ஒரு கணுவை இன்ன வகையென்று எடுத்துக்கொள்ளும் சார்புகள் வெற்றுச் சுட்டி வந்தால் உறுதிக்கூற்றால் நிறுத்திவிடும். வெற்றாக இருக்கலாம் என்ற இடத்தில் அதற்கென உள்ள வேறு பெயர்ச் சார்பைத்தான் அழைக்க வேண்டும். உறுதிக்கூற்றுகளைத் தாராளமாக எழுதுங்கள் என்று அதன் குறிமுறை நியமங்களிலேயே கூறப்பட்டுள்ளது.

யாருடைய பிழை?

மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. தொகுப்பானுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் தொகுப்பானை எழுதியவர். மற்றவர் அதனைப் பயன்படுத்துபவர். பயன்படுத்துபவர் வரையறுக்காத மாறி ஒன்றைத் தன் செய்நிரலில் எழுதிவிட்டார் என்க. தொகுப்பான் தன் குறியீட்டு அட்டவணையில் அப்பெயரைத் தேடும், கிடைக்காது, தேடும் சார்பு வெற்றைத் திருப்பி அனுப்பும். இங்கே உறுதிக்கூற்று இடலாமா?

கூடாது. பயன்படுத்துபவர் பிழை விடுவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. அவருக்குக் கொடுக்க வேண்டியது "இம்மாறி வரையறுக்கப்படவில்லை" என்ற தெளிவான வழுச் செய்தி. அதன்பின் எஞ்சிய வரிகளையும் சோதிக்க வேண்டும். உறுதிக்கூற்று தொகுப்பானை எழுதியவரின் பிழைக்கு மட்டும் உரியது. ஜிசிசி என்ற தொகுப்பானில் உறுதிக்கூற்று பொய்த்தால் "தொகுப்பானின் உள்வழு" என்ற பொருளில் ஒரு செய்தி, கோப்பின் பெயரோடும் வரி இலக்கத்தோடும் தோன்றி, இதனை எங்களுக்கு அறிவியுங்கள் என்று கேட்கும். பிழை உங்களுடையது அல்ல என்று தொகுப்பானே ஒப்புக்கொள்ளும் இடம் அது.

கொழும்பில் பிறந்த ஒருவர்

வெற்றுச் சுட்டிக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனைக் கண்டறிந்தவரான டோனி ஹோர் 1934 இல் கொழும்பில் பிறந்தவர். விரைவு வரிசையாக்கம் என்ற புகழ்பெற்ற படிமுறையும் அவருடையதே. 1965 இல் அல்கோல் டபிள்யூ என்ற மொழியை வடிவமைத்தபோது வெற்றுச் சுட்டியை அதில் சேர்த்தார். சேர்ப்பது மிக இலகுவாக இருந்தது என்பதே காரணம். அம்மொழியில் அவரோடு பணியாற்றிய நிக்லவுஸ் விர்த்தான் பின்னர் 1970 இல் பாஸ்கலை வெளியிட்டார். 2009 இல் இலண்டனில் நடந்த ஒரு மாநாட்டில், தான் செய்த அந்த வேலையை நூறு கோடி டொலர் பெறுமதியான தவறு என்று ஹோரே சொல்லி வருத்தம் தெரிவித்தார். தன் தவறை இவ்வளவு பகிரங்கமாக ஏற்றுக்கொண்ட அறிஞர்கள் குறைவு.

செய்நிரல்களின் சரித்தன்மையை உறுதிக்கூற்றுகளால் நிறுவும் முறையை 1969 இல் கட்டுரையாக எழுதியவரும் இவரே. நோயையும் மருந்தையும் ஒருவரே தந்தார் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1980 இல் டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

சோதனையை நிறுத்தி வைக்கலாமா?

உறுதிக்கூற்று ஒவ்வொன்றும் சிறிது நேரத்தை எடுக்கும். ஓர் ஒப்பீடு அற்பமானது. இலட்சக்கணக்கான கணுக்களில் திரும்பத் திரும்பச் செய்தால் அற்பமன்று. எனவே தொகுப்பானை விருத்தி செய்யும் காலத்தில் அவற்றை இயங்கவிட்டு, வெளியிடும்போது நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. எல்எல்விஎம் வெளியீடுகள் வழமையாக அவ்வாறே வருகின்றன. ஜிசிசி வெளியீட்டிலோ செலவு குறைந்த சோதனைகள் நிறுத்தப்படாமலே இருக்கும்.

ஹோரின் நிலைப்பாடு தெளிவானது. கரையில் பயிற்சி பெறும்போது உயிர்காப்பு அங்கியை அணிந்துவிட்டுக் கடலுக்குப் போகும்போது அதைக் கழற்றி வைக்கும் மாலுமியோடு இவ்வழக்கத்தை ஒப்பிட்டு 1973 இல் எழுதினார். 1960களில் எலியட் சகோதரர்கள் நிறுவனத்தில் அவர் குழு ஆக்கிய அல்கோல் தொகுப்பான், அணிகளின் சுட்டெண் எல்லை மீறுகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கும் குறிமுறையை ஆக்கியது. வேகத்துக்காக அச்சோதனையை நிறுத்தும் வசதி தேவையா என்று பல ஆண்டுகளின் பின் வாடிக்கையாளரிடம் கேட்டபோது, வேண்டாம் என்று அனைவரும் ஒருமுகமாகச் சொன்னார்களாம். அச்சோதனை எத்தனை வழுக்களைப் பிடித்தது என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். எனக்கும் ஹோரின் பக்கமே சரியென்று படுகிறது: 4 என்ற விடையை விட 227 என்ற செய்தி மேல்.

பயிற்சி வினா

மாணவன் ஒருவன் தன் தொகுப்பானில் "இருக்கும்வரை ... செய் ..." என்ற திரும்பல் கூற்றைப் பகுக்க எழுதிய போலிக்குறிமுறை கீழே தரப்பட்டுள்ளது.

1    நிபந்தனை = கோவையைப்_பகு
2    உறுதிசெய் (நிபந்தனை ≠ வெற்று)
3    உறுதிசெய் (அடுத்த_சொல்லை_எடு = "செய்")
4    உடல் = கூற்றைப்_பகு
5    திரும்பற்கணு (நிபந்தனை, உடல்) என்பதைத் திருப்பி அனுப்பு

(அ) உடல் என்பதற்கு உறுதிக்கூற்று இடப்படாதது ஏன் சரியாக இருக்கலாம்?
(ஆ) 2 ஆம் வரி எப்போது பொருத்தமானது?
(இ) 3 ஆம் வரியில் உள்ள இரண்டு குறைபாடுகளைக் கூறுக.

விடைக் குறிப்பு

(அ) பாஸ்கல் போன்ற மொழிகளில் வெறுங்கூற்று அனுமதிக்கப்படும். அவ்வாறாயின் உடல் வெற்றாக இருப்பது முறையானதே.

(ஆ) பயன்படுத்துபவர் கோவையைத் தவறாக எழுதியபோதும் கோவையைப் பகுக்கும் சார்பு வெற்றை அனுப்பாமல், வழுச் செய்தியைக் கொடுத்துவிட்டுப் பிழைக் கணு ஒன்றை அனுப்புமாயின் இவ்வரி பொருத்தமானது. வெற்றை அனுப்புமாயின், பயன்படுத்துபவரின் பிழைக்குத் தொகுப்பான் தன்னையே குற்றஞ்சாட்டி நின்றுவிடும்.

(இ) முதலாவது, "செய்" என்ற சொல்லை எழுத மறப்பது பயன்படுத்துபவரின் பிழை. அதற்கு வழுச் செய்தியே வேண்டும். இரண்டாவது குறைபாட்டைப் பலர் எழுதுவதில்லை. அடுத்த சொல்லை எடுத்தல் என்பது வெறும் சோதனையன்று, ஒரு செயல். உறுதிக்கூற்றுகளை நிறுத்தித் தொகுத்தால் அச்செயலும் நடைபெறாது. "செய்" என்ற சொல் எடுக்கப்படாமல் அங்கேயே இருக்கும். 4 ஆம் வரி அச்சொல்லையே கூற்றின் தொடக்கம் என்று எண்ணிப் பகுக்க முற்படும். வீட்டில் சோதித்தபோது சரியாக இயங்கிய தொகுப்பான், வெளியிட்ட பின்னர் எல்லாத் திரும்பற் கூற்றுகளிலும் தவறும். சொல்லை முதலில் ஒரு மாறியில் எடுத்துவிட்டு, அம்மாறியை நிபந்தனைக் கூற்றால் சோதித்து எழுதியவர்களுக்கு முழுப் புள்ளி.